சௌந்திரம் அக்கா அமுக்கிய பட்டன்

கோர்ட்டுக்குப் போகிறவர்கள் இல்லாத வலியை இருப்பதாகச் சொல்லி நொண்டிக்கொண்டு போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒருத்தர் கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டு போய் நஷ்டஈடு வாங்கினார். அன்றைக்குச் சாயங்காலமே பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றில் குதித்து நீச்சலடித்தார். அவரை யாரும் தப்பாகப் பேசவில்லை, கெட்டிக்காரர் என்றார்கள். சௌந்திரம் அக்கா ஒருத்திதான் இருக்கிற குறையை இல்லையென்று காட்டப் பொய் பண்ணியவள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக வருகிறது. எரிச்சல் தீருவதற்குள் அழுகையும் வந்துவிடுகிறது.

அக்காவுக்கு மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாமைக் காட்டுக்குள் வீடு. அவள் புருஷன் கந்தப்பன் மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. தண்ணீர் இருந்தால் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, இல்லாவிட்டால் வானம் பார்த்துக் கடலை. அது பத்தாது என்பதால் அக்கா ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு தறிக்குடோனில் விசைத்தறி ஓட்டினாள். பக்கத்துத் தறி என்னுடையது. தறிகள் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் விளங்காது. அதனால் நாங்கள் சத்தமே போடாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வோம். புதிதாக வருகிறவர்கள் அதைப் பழக ஒரு வருஷமாவது ஆகும். அக்கா அதில் பெரிய ஆள். குடோனின் அந்தக் கோடியில் நின்று ஓனர் போனில் பேசுவதை இந்தக் கோடியில் இருந்தே படித்துச் சொல்லிவிடுவாள். ஓனர் சம்சாரத்துக்குத் தெரியாத சங்கதியெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மாமாவின் எக்செல் வண்டியில் அக்கா பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள். கோழி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வேன், முன்னால் போன பஸ்ஸை முந்துகிறேன் என்று எதிர்ப் பக்கம் ஏறி வந்து இவர்களை அடித்தது. மாமா பக்கத்துக் காட்டில் போய் விழுந்தார், சிராய்ப்போடு எழுந்துவிட்டார். அக்காவின் தலை ரோட்டில் மோதியது. காதில் ரத்தம் வந்தது. காதோரம் எலும்பில் விரிசல் என்றார்கள். பிழைத்து வந்துவிட்டாள். ஆனால் இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில், கிட்டே வந்து கத்தினால் ஏதோ முனகுவது போல் கேட்கும், அவ்வளவுதான்.

நூல் அறுந்தால் தறியின் சத்தம் மாறும். அத்தனை இரைச்சலிலும் எங்கள் தறியின் சத்தம் மட்டும் எங்களுக்குத் தனியாகத் தெரியும். அக்காவுக்கு அது தெரியாமல் போனதால் துணி பாழானது. ஓனர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஊட்டுல நல்லா ஓய்வெடுத்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பக் கூப்பிடவே இல்லை.

அதைக்கூட அக்கா தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒரு கல்யாணத்தில் நடந்தது. மாமாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் மணவறைப் பக்கம் நின்று, சீர்த்தட்டு எடுத்து வரச் சொல்லி அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அது தெரியவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். பந்தலில் யாரோ, "அதுக்குத்தான் காது கேக்காதேங்க, வேற யாரையாச்சும் கூப்புடுங்க" என்றார்கள். பொம்பளைகள் எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அக்கா திரும்பியபோது, இன்னொருத்தி தட்டோடு மணவறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அக்கா சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதிலிருந்து தனக்கு நன்றாகக் கேட்கிறது என்று காட்டுவதே அக்காவுக்கு வேலையாகிவிட்டது. எங்கே போனாலும் எல்லார் முகமும் தெரிகிற மூலையைப் பிடித்து உட்காருவாள். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவாள். யாராவது கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று தானே விடாமல் பேசுவாள். முன்பெல்லாம் அளந்து பேசுகிறவள், இப்போது வாயாடி என்று பேர் வாங்கினாள். செவிடி என்பதற்கு வாயாடி எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

நஷ்டஈட்டுக் கேஸ் போட்டது மகள் தனப்பிரியாதான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு எருமைகளை விற்றிருந்தார்கள். வலது காதுக்கு நல்ல மிஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பணம் வேண்டும், கேஸ் ஜெயித்தால்தான் பணம். திருச்செங்கோட்டில் மைதிலி என்று ஒரு சின்ன வயசு வக்கீலம்மா எடுத்து நடத்தினார். காது எவ்வளவு கேட்கவில்லை என்று டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், அதை வைத்துத்தான் எல்லாம் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

தனப்பிரியாவுக்குப் பரீட்சை என்பதால் டெஸ்டுக்கு நான்தான் கூடப் போனேன். சூரமங்கலத்தில் இறங்கி, இன்னொரு டவுன் பஸ் ஏறி, அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். டெஸ்ட் எடுக்கிற பையன் பேர் இனியன். "சின்னதா சத்தம் கேட்டாலும் இந்தப் பட்டன அமுக்குங்கம்மா. கேக்கலைன்னா சும்மா இருங்க" என்று முகத்தைப் பார்த்து மரியாதையாகச் சொல்லி, அக்காவைக் கண்ணாடி ரூமுக்குள் அழைத்துப் போனான். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அக்கா வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, பாஸாகிவிட்ட பிள்ளை மாதிரி. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பசியில் இட்லிக் கடையைத் தேடுவதிலேயே இருந்துவிட்டேன்.

ரிப்போர்ட் வந்தது. கேட்கும் திறனில் லேசான குறை மட்டும் என்று இருந்தது. மைதிலி தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காதவளுக்கு இப்படி ஒரு ரிப்போர்ட்டா என்று அவருக்குக் கோபம். டெஸ்ட் எடுத்தவன் ஒழுங்காக எடுக்கவில்லை, அவனைக் கூண்டில் ஏற்றிக் கேட்கிறேன் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அக்கா மட்டும் ஒன்றும் பேசவில்லை. வாயாடிக்கு என்ன வந்தது என்று நினைத்தேன்.

கேஸ் அன்றைக்குக் கோர்ட்டு வராண்டாவில் இனியனும் சம்மன் வாங்கி வந்து உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்துகொண்டான்.

"நல்லாருக்கீங்களாம்மா? நெசமாவே உங்களுக்குக் கேக்கலீங்களா? நான் எங்க தப்புப் பண்ணுனேன்னே தெரியலீங்கம்மா. கான்ட்ராக்ட் வேலைங்க. இதுல எதாச்சும் ஆச்சுன்னா என்னைய வெச்சுக்க மாட்டாங்க."

அவன் உதட்டில் ஒரு சொல் விடாமல் அக்கா படித்துவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, சத்தமில்லாமல் என்னிடம் கேட்டாள்.

"ஏம்புள்ள, அந்தப் பையன என்ன பண்ணுவாங்க?"

"வேல போனாலும் போயிருமக்கா" என்று நானும் உதட்டாலேயே சொன்னேன்.

அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வாதாடிய தனபால் வக்கீல் நேர் எதிரில் வந்து நின்றார். வண்டி யார் ஓட்டினார்கள், எத்தனை மணிக்கு, எந்த வளைவு என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே போனார். அக்கா அத்தனைக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள். ஒரு தடவை "என்னுங்க?" என்று கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

தனபால் சிரித்தார். "நான் மெதுவாத்தான் பேசறேன். நீங்க பட்டுப் பட்டுனு பதில் சொல்றீங்க. ரிப்போர்ட்டும் நல்லாக் கேக்குதுங்குது. அப்புறம் எதுக்கும்மா நஷ்டஈடு?"

மைதிலி எழுந்து, அந்த டெஸ்ட் அக்கறையில்லாமல் எடுக்கப்பட்டது, எடுத்தவரை விசாரிக்க வேண்டும் என்று நீதிபதி அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தார். இனியன் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டான். அக்கா மைதிலியின் வாயைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கையைத் தூக்கினாள்.

"அந்தத் தம்பி மேல ஒரு தப்புமில்லீங்க. நாந்தான் ஏமாத்திப்போட்டேனுங்க."

மைதிலி அப்படியே நின்றுவிட்டார். என்ன ஏமாற்றினீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. கண்ணாடி வழியா தம்பி கை தெரிஞ்சுது. மிஷின்ல அது கை அசையறப்பெல்லாம் நான் பட்டன அமுக்கிப்போட்டேனுங்க. தறிக்குடோன்ல இருந்தவ, எனக்குக் கண்ணு நல்லா வெரசாப் பாக்குமுங்க. இப்ப வக்கீலய்யாவுக்குப் பதில் சொன்னதும் அவரு வாயப் பாத்துத்தானுங்க."

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க? கேக்கலைன்னு காட்டத்தானே அங்க போனீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

அக்கா முந்தானையை எடுத்து விரலில் சுற்றினாள்.

"வெக்கமுங்க. சும்மா உக்காந்திருந்தா செவிடின்னு எழுதிப்போடுவாங்களேன்னு இருந்துச்சு. எழுதுனாத்தான் பணமுன்னும் தெரியுமுங்க. ஆனா அந்த நேரத்துல என்ற கை நிக்கலீங்க."

ஹாலில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சத்தம் கேட்காவிட்டாலும் பல் தெரிந்தால் போதாதா, அக்காவின் முகம் சுருங்கிப்போனது. கல்யாணப் பந்தலில் அவள் எப்படி நின்றிருப்பாள் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கே எழுந்து ஓடிவிடலாம் போல அவமானமாக இருந்தது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

தனபால் விடவில்லை. "பணத்துக்காக இப்ப ஒரு கதை சொல்றாங்க. அன்னிக்கு ஏமாத்தினேன்னு சொல்றவங்க இன்னிக்கு ஏமாத்தலைன்னு என்ன நிச்சயம்? கேக்கலைங்கறதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேஸ் அவ்வளவுதான், மிஷினும் இல்லை, ஒன்றும் இல்லை, வெட்கப்பட்டது மட்டும் மிச்சம் என்று நினைத்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கந்தப்பன் மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

நீதிபதி குனிந்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "வேற இடத்துல மறுபடியும் டெஸ்ட் எடுத்துக்கச் சம்மதமா?" என்று கேட்டார். வாசலில் நின்ற போலீஸ்காரர் வரைக்கும் அது கேட்டது. அக்கா சும்மா நின்றாள். நீதிபதி இன்னொரு முறை கேட்டார். அக்கா அசையவில்லை. எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்ததும், தன்னை ஏதோ கேட்டிருக்கிறார்கள் என்று புரிந்து மிரண்டுபோய் என் பக்கம் திரும்பினாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கேள்வியைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அக்கா என் உதடு அசையத் தொடங்கியதைப் பார்த்தாள். பார்த்ததும் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று தெரியாததால், வராண்டாவில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

"அம்மா, எனக்குக் காது கேக்காதுங்க. கொஞ்சம் நிமுந்து என்ற மூஞ்சியப் பாத்துக் கேளுங்க."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.