நல்லாப் பேசுற ஆள்

நான் டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தபோது மதுராந்தகம் வெள்ளம் நேரலையில் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றவள் என் அம்மா.

"எங்கூட்டுக்காரரு உள்ள மாட்டிகினு கீறாரு சார், யாராச்சும் வாங்களேன்!" என்று நிருபரிடம் கதறினாள்.

என் காதுக்குள் தயாரிப்பாளரின் குரல் கேட்டது: "என்ன பாஷை இது? கட் பண்ணு. நல்லாப் பேசுற ஆளாப் பிடி."

அந்தப் பேச்சு வாயில் வந்துவிடக் கூடாதென்று கண்ணாடி முன்னால் பழகியவள் நான். ஊர்ப்பெயரைக்கூட சேனலில் சொன்னதில்லை.

"கட் பண்ணாதீங்க, அது எங்கம்மா!" என்று கேமராவைப் பார்த்துக் கத்தினேன். "வூட்டுக்குள்ள எங்க நைனா கீறாரு. யாராச்சும் ஓடுங்களேன்!"

பார்த்தவர்கள் ஓடிப்போய், கூரை ஓட்டைப் பிரித்து நைனாவை உயிரோடு தூக்கினார்கள். மறுநாளிலிருந்து எனக்குச் செய்தி வாசிக்கத் தரவில்லை.

அம்மா தினமும் டிவியைப் போட்டுவிட்டு போனில் கேட்கிறாள்: "இன்னாடி, இன்னிக்காச்சும் வருவியா?"

"வருவேன் அம்மா" என்று, செய்தி வாசிக்கும் அதே உச்சரிப்பில் பொய் சொல்கிறேன்.