நாலு பாத்தியில் நின்ற உப்புத் தண்ணீர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை. இப்படிப்பட்டவள் எழுதி, மற்றவர்களைப் படிக்கச் சொல்வது அதிகப்பிரசங்கம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கேழ்வரகு பிழைத்த விதத்தை வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், திருப்போரூருக்குக் கிழக்கே கடலை ஒட்டி ஒரு மணல்பாங்கான நிலத்தை வாரத்துக்கு எடுத்தோம். விளைந்ததில் நிலக்காரருக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. அதுவரை என் வீட்டுக்காரர் கூலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். அவர் குடும்பத்தில் யாருக்கும் நிலம் இருந்ததில்லை. இது எங்களுக்குக் கிடைத்ததே வேறு யாரும் கேட்காததால்தான். கிணற்றுத் தண்ணீர் அப்படி உப்பு.

மழைக்கு நெல், அதை அறுத்ததும் கேழ்வரகு, பிறகு எள் என்று மாற்றி மாற்றி வைப்பது அங்கே வழக்கம். நெல்லை மழை பார்த்துக்கொண்டது. கேழ்வரகுக்குக் கிணறுதான். அது எடுபடாவிட்டால் சவுக்கு நட்டுவிடுவேன் என்று நிலக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். சவுக்கு வந்துவிட்டால் எங்களுக்கு அங்கே வேலை இல்லை. என் வீட்டுக்காரர் மறுபடியும் கூலிக்கு, நானும் அவர் பின்னால்.

உப்புத் தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் காட்ட வேண்டும் என்று நாங்கள் நம்பினோம். உப்பு கரித்த குழம்பைச் சோற்றில் குறைத்து ஊற்றிக்கொள்வது போல. பாத்தி நனைந்ததுமே அவர் மடையை அடைத்துவிடுவார். நாற்று வேர் பிடித்தது. அப்புறம் இலை நுனி கருகியது. மண்மேல் கோலமாவு சிந்தியது போல உப்பு பூத்தது. அதைப் பார்த்து அவர் தண்ணீரை இன்னும் குறைத்தார். இன்னும் கருகியது.

அந்த மாதக் கிருத்திகைக்குக் கோவிலுக்குப் போய் வேண்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். ஊரப்பாக்கத்திலிருந்து என் அண்ணன் வந்திருந்தான். ரயில் பாதையில் கல் கொட்டும் வேலை அவனுக்கு. "நீங்க போங்க மச்சான், தண்ணிய நான் பாத்துக்கிறேன்" என்றான்.

திரும்பி வந்தபோது கிணற்றில் தண்ணீர் இறைக்கும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலை ஒட்டிய நாலு பாத்தியிலும் குளம் போல் தண்ணீர். அண்ணன் பனைமர நிழலில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினான்.

"இன்னா மச்சான், உப்பளம் போட்டுகினு கீறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் எழுந்து கண்ணைக் கசக்கினான். "நல்லதுதான மச்சான். உப்பு வாங்கக் கடைக்குப் போவத் தேவல."

"கல்லு கொட்றவன நம்பி வுட்டுட்டுப் போனேன் பாரு, என்ன சொல்லணும்."

அண்ணன் மாலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டான். நாலு பாத்தி போயிற்று என்று இவர் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

சில நாள் கழித்துக் களை எடுக்கப் போன நான்தான் பார்த்தேன். அந்த நாலிலும் வெள்ளையைக் காணோம். புதிதாக விட்ட இலை நுனிவரை பச்சையாக இருந்தது. ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தேன். உப்பு லேசாகத்தான் தெரிந்தது. பக்கத்துப் பாத்தி மண் கரித்தது. சொன்னால் அண்ணனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்பார். அதனால் இரண்டு மண்ணையும் முந்தானையில் தனித்தனியாக முடிந்துகொண்டுபோய் அவர் முன்னால் அவிழ்த்து வைத்தேன்.

"இன்னாடி, சோறு கேட்டா மண்ணு வெக்கிற?"

"நாக்குல வெச்சுப் பாருங்க. இது எங்கண்ணன் பாத்தி, இது உங்க பாத்தி."

வைத்துப் பார்த்தார். துப்பினார். நேரே வயலுக்குப் போய் அந்தப் பாத்திகளைப் பார்த்துவிட்டு வந்தார். "மழைல நெல்லு நின்னப்போ உப்பு பூக்கல. தண்ணி நின்னுகினே இருந்துச்சு. உப்ப அது கீழ இட்டுகினு பூடுது போல."

"அப்போ மீதிக்கும் அப்டியே வுடுங்களேன்."

"தப்பாப் பூட்டா ஒண்ணும் மிஞ்சாது."

"இப்ப மட்டும் இன்னா மிஞ்சப்போவுது? பாதி கருகிக் கெடக்குது. மீதியும் கருகறவரிக்கும் பாத்துகினு கெடக்கச் சொல்றீங்களா?"

அவரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே எல்லாப் பாத்தியிலும் தண்ணீரை நிற்க விட்டோம். மண் காய்ந்து வெள்ளை பூக்கும் முன்பே மறுபடியும் விட்டோம். கடைசி வரப்பை ஒட்டிய பயிர் பிழைக்கவில்லை. மற்றது தேறியது.

கதிர் பிடித்தபோது நிலக்காரர் வந்தார். வாய்க்கால் ஓரம் நின்று, "இந்த நாலு மட்டும் எப்டிய்யா இம்மாம் தூக்கலா கீது?" என்று கேட்டார்.

"அது எம்மச்சான் தண்ணி கட்டுனது" என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ தானே அனுப்பி வைத்தது போல. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

நிலக்காரர் ஒரு கதிரைப் பறித்து உள்ளங்கையில் கசக்கிப் பார்த்தார். "சவுக்குக் கன்னுக்குச் சொல்லி வெச்சிருந்தேன். வேணாம்னு சொல்லிடறேன். எள்ளு வெதைக்கு வழியப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் என்ஜின் கிளம்பவில்லை. மதியத்துக்கு மேல் சரிசெய்து தண்ணீர் பாய்ச்சினோம்.