காக்கைக்கும் பத்தியம்

வாணலியை இறக்கி வைத்து, ஓரத்தில் விரல் வைத்துப் பார்க்கிறாள் ரெங்கம்மாள். சூடு அடங்கவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து எடுத்த மிளகளவு வெள்ளை இனிப்பு மாத்திரை உள்ளங்கையில் காத்திருக்கிறது. நெய்யில் வதங்கிய தேங்காய்த் துருவலும் பாலேடும் ஏலப்பொடியும் சேர்ந்து பாலக்கரைச் சந்து முழுக்க மணக்கின்றன. “கொதியில போட்டா கசந்துபோவும். கை பொறுக்கிற சூடு வரணும்” என்பாள். பிறகு மாத்திரையை ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்து ஊற்றி நாலு கிளறு கிளறுவாள். அவ்வளவுதான் பலகாரம்.

நாலு வருஷமாகச் சர்க்கரை வியாதி. சோறு, கிழங்கு, பழம் மூன்றையும் டாக்டர் நிறுத்திவிட்டார். தட்டில் கீரை, முட்டைக்கோஸ், மோர். பெயருக்கு ஒரு பிடி சோறு. “ஏகாதசிக்கு ஏகாதசி பட்டினி கெடந்தேன். ரெங்கநாதரு பாத்தாரு, தெனமும் ஏகாதசின்னு குடுத்துட்டாரு” என்று சிரிப்பாள். மத்தியானத்தில் நெல்லிக்காய் அளவு இனிப்பை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். “நாக்கை ஏமாத்துறேன். மொதல்ல இனிக்குது. பின்னாலயே ஒரு கசப்பு வருது பாருங்க, அது எனக்குன்னே வர்றது.”

அவள் புருஷன் ரத்தினவேலுக்கும் இதே வியாதிதான். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர். அவர் சாப்பிடும்போது ரெங்கம்மாள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். “இன்னொரு வாய் எடுத்தீங்க, இன்னிக்கு நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்.” அவரும் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார். ஒரு சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போனவர், அக்காரவடிசல் தொன்னையைத் துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். துண்டில் ஊறிய நெய்க்கறை வாசற்படியிலேயே காட்டிக்கொடுத்துவிட்டது. “பிரசாதம்டி. ஒரு வெரல் தொட்டுக்கறேன்” என்று கெஞ்சினார். பிடுங்கிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்த மாதமே அவர் போய்ச் சேர்ந்தார்.

“பெருமாள் குடுத்ததை நான் பிடுங்கினேன்” என்பதை மட்டும் அவள் சிரிக்காமல் சொல்வாள்.

இரண்டு வருஷம் கழித்துத் தனக்கே வியாதி வந்து, மருந்துக்கடைக்குச் சீட்டோடு போனபோது கேட்டாள்: “இந்த இனிப்பு மாத்திரை புதுசா வந்திருக்காப்பா?”

கடைக்காரர் தாஜுதீன் நிமிர்ந்து பார்த்தார். “புதுசா? உலகச் சண்டைக் காலத்துலேருந்து விக்கிறோமேம்மா. ஐயா இருக்கறப்பவே இருந்துச்சே.”

மாத்திரையை வாங்காமலே வீடு வரைக்கும் நடந்துவிட்டாள். மறுநாள்தான் திரும்பப் போய் வாங்கினாள்.

வருஷா வருஷம் இனிப்பே வைக்காமல் அவருக்குப் படைத்துவந்தவள், இந்த ஆடி அமாவாசைக்குத் தேங்காய் இனிப்பு கிளறினாள். பக்குவம் பார்த்து மாத்திரையும் கரைத்தாள். இலைத்துண்டில் சோறு, வடையோடு அதையும் கொல்லை மதில் மேல் வைத்தாள். காக்கை வந்தது. வடையைத் தின்றது, சோற்றைக் கொத்தியது. இனிப்பை ஒருமுறை கொத்தி, மூக்கை மதிலில் தேய்த்துவிட்டு, வேப்பமரத்துக்குப் போய்விட்டது.

“வேணாங்குறாங்க” என்றாள் ரெங்கம்மாள்.

மருமகள் சந்திரம்மாள் வந்து விண்டு வாயில் போட்டுப் பார்த்தாள். “என்னத்தை, இது உங்க மாத்திரை பலகாரமில்ல?”

“அவங்களுக்குச் சக்கரை ஆவாதே.”

“மாமா போயி ஆறு வருசமாச்சு. போன எடத்துலயுமா பத்தியம்? அங்க எந்த டாக்டரு வந்து பாக்கப் போறாரு?” என்று சிரிக்க வந்தவள், மாமியார் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ரெங்கம்மாள் உள்ளே போனாள். பச்சரிசியைப் பாலில் குழைய விட்டு, இரண்டு அச்சு வெல்லம் தட்டிப் போட்டாள். நெய்யை அளக்காமல் ஊற்றினாள். விரலில் ஒட்டிய வெல்லத்தைக் கழுவிவிட்டு, ஆவி பறக்கும் அக்காரவடிசலைக் கொண்டுபோய் மதில் மேல் வைத்தாள்.

“வாங்க” என்றாள்.

காக்கை கிளையைவிட்டு அசையவில்லை. ரெங்கம்மாள் கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, மதிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

“அத்தை, அங்க பாருங்க...” என்றாள் சந்திரம்மாள்.

“நீயும் பாக்காத. அவங்க சாப்புடட்டும்.”

பின்னால் இலை சரசரத்தது. ரெங்கம்மாள் திரும்பவில்லை.