உம் கொட்ட மறுத்த மண்டி

"...வாய் சும்மா இருந்தா மல்லாட்டை தானா உள்ள போவும். அதான் சொல்றேன், பாடுங்க, இல்லாட்டி கதை பேசுங்க!" என்று மண்டி முதலாளி கத்திக்கொண்டே வந்தது இப்போதும் என் காதில் இருக்கிறது.

அறுபதுகளின் நடுவில், செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு மண்டிக்கு மல்லாட்டை உரிக்கப் போய்க்கொண்டிருந்தேன். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஆடிப் பட்டத்து விதையை மெஷினில் உடைத்தால் பருப்பு பிளந்துபோகும், முளைக்காது. அதனால் கையால்தான் உரிக்க வேண்டும். உரிக்கிற கை நாலு பருப்பைக் கூடையில் போட்டால் ஒன்றை வாயில் போடத்தானே செய்யும்? அதற்குத்தான் முதலாளி இந்த உத்தரவைப் போட்டார்.

பாடத் தெரிந்தவர்கள் பாடினார்கள். பாட்டெல்லாம் தீர்ந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது எனக்குப் பதினேழு வயசு. படிப்பு அஞ்சாவதோடு சரி. "ஆனா வாய் மட்டும் காலேஜ் முடிச்சிடுச்சி" என்று எங்கள் நைனா கேலி செய்வார். எதிரே மலைக்கோட்டை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு கதையை இட்டுக்கட்ட ஆரம்பித்தேன்.

ஒரு ராஜ்யம். மலை மேலே ஒரு சனம், மலையடியில் ஒரு சனம். மேலே எந்நேரமும் ஜிலுஜிலுவென்று காற்று. கீழே ஓர் இலைகூட அசையாது. மலையின் நிழல் கீழே விழுந்தால் அதில் நிற்பதற்கும் வரி. கட்டாதவர்களின் சொந்த நிழலை வெட்டி எடுத்துப் போய்விடுவார்கள். அப்படி நிழலைப் பறிகொடுத்தவள் ஒரு பெண். கோட்டைக் காவல்காரர்கள் நிழலைப் பார்த்துத்தான் ஆளை அறிவார்கள். நிழலே இல்லாதவளை எப்படிப் பிடிப்பது? அவள் தைரியமாக மலையேறினாள்.

இப்படி நாள்கணக்கில் கதை வளர்ந்தது. இரண்டாம் நாளே முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"கதை சொல்றவ வாய்தான் வேலை செய்யுது. கேக்கறவங்க வாய்? இனிமே ஒவ்வொரு பேச்சுக்கும் எல்லாரும் உம் கொட்டணும். உம் கேக்கலன்னா வாயில மல்லாட்டை இருக்குதுன்னு அர்த்தம்!"

அதிலிருந்து மண்டி முழுக்க ஒரே உம் மயம். கல்லாப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவர் காதால் காவல் காத்தார்.

மண்டியிலும் ஒரு மேல் கீழ் இருந்தது. கடைத்தெருப் பெண்களான எங்களுக்குக் கொட்டகை நிழல். சிங்கவரம் பக்கத்திலிருந்து கூலிக்கு வருகிறவர்களுக்கு வெட்டவெளிக் களம். யார் போட்ட சட்டமோ, யாரும் கேட்டதில்லை. கொட்டகையின் மீதிப் பாதியில் விதை மூட்டைகள் பரந்து கிடந்தன.

களத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருத்திக்கு ஆறு மாசம். துடுக்கான பேச்சு. "இன்னாம்மா, அந்தப் பொண்ண மலை மேல ஏத்திட்டு நீ பாட்டுக்கு வூட்டுக்குப் போயிட்ட, எனக்குத் தூக்கமே வரல" என்று வம்புக்கு இழுப்பாள். ஒருநாள் உச்சி வெயிலில் அவள் கூடை மேலேயே சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். அவளுக்குக் கொட்டகையில் ஓர் ஓரம் கேட்டோம்.

"மூட்டையெல்லாம் எங்க வெக்கிறது? விதை வெயில்ல காஞ்சா கெட்டுடும்" என்றார் முதலாளி.

"அப்ப நான் காஞ்சா மொதலாளி?" என்றாள் அவள்.

அவர் கல்லாப்பெட்டிக்குத் திரும்பிப் போய்விட்டார். மறுநாளும் அவள் களத்தில்தான் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. இன்னொரு தடவை விழுந்தால் வயிற்றுப் பிள்ளை என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. வேலையை விட்டுப் போகவும் அவளுக்கு வழியில்லை.

அன்று கதையின் பெண் மலை உச்சி ரகசியத்தைக் கண்டுபிடித்தாள். மேலே வீசும் காற்று வேறொன்றுமில்லை, கீழே இருப்பவர்கள் விடுகிற மூச்சு! குகை வழியாக உறிஞ்சி எடுத்துக்கொள்கிறார்கள். அவள் இறங்கி வந்து சொன்னாள். மறுநாள் கோட்டை முரசு அடித்ததும் கீழ்ச்சனம் மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டது.

அங்கே நிறுத்தினேன், உம்முக்காக. உம் வரவில்லை.

சத்தியமாக இதற்கு நான் திட்டம் போடவில்லை. முதலில் வாயை மூடியவள் அந்த ஆறு மாசக்காரி. அவளைப் பார்த்துக் களம் முழுக்க வாயை மூடிக்கொண்டது. கொட்டகையில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

முதலாளி பாய்ந்து வந்தார். "எல்லாரும் தின்றீங்களா? வாயைத் தொறங்க!"

வரிசையாகத் திறந்தார்கள். ஒரு வாயிலும் ஒரு பருப்பும் இல்லை. திரும்ப மூடிக்கொண்டார்கள்.

"நீங்க கொட்டாட்டி போங்க, இவங்க கொட்டுவாங்க" என்று எங்கள் பக்கம் திரும்பினார். எங்களில் பெரிய உம்முக்காரி அவருக்குத் தூரத்துச் சொந்தம். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். தன் கூடையை இழுத்து ஓரமாக வைத்தாள். "ஒதுங்கி உக்காருங்கடி, அவங்க வரட்டும்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு அவளும் வாயை மூடிக்கொண்டாள். அவர் நினைத்திருந்தால் அத்தனை பேரையும் அந்த நிமிஷமே வெளியே அனுப்பியிருக்கலாம்.

"நீ சொல்லு பொண்ணே. மேல இன்னா ஆச்சு?" என்றார் என்னிடம். அப்போதுதான் புரிந்தது, இத்தனை நாளும் அவர் காவல் மட்டும் காக்கவில்லை, கதையும் கேட்டிருக்கிறார்!

"உம் இல்லாம எப்படி மொதலாளி சொல்றது?" என்றேன்.

"வெயில்ல தொண்ட காஞ்சிபோச்சி. நிழல்ல உக்காந்தா உம் தானா வரும்" என்றாள் ஆறு மாசக்காரி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரும் தலை குனியவில்லை.

முதலாளி ஒரு தடவை மூட்டைகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு மூட்டையின் முனையைப் பிடித்தார். "இன்னா பாத்துக்கினு கீறீங்க? அந்தாண்ட புடிங்க!"

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும் மீதிப் பாதிக் கொட்டகையும் காலியானது. இடம் எப்போதுமே இருந்திருக்கிறது! களத்துப் பெண்கள் கூடையோடு உள்ளே வந்தார்கள். ஆறு மாசக்காரி மூட்டையில் முதுகைச் சாய்த்து, மகாராணி மாதிரி காலை நீட்டினாள். ஐப்பசியில் அவளுக்குச் சுகமாக ஒரு பெண் பிறந்தது.

கதையில் ராஜாவைக் கவிழ்ப்பது சுலபம், நாக்கு இருந்தால் போதும். பக்கத்தில் இருப்பவளுக்காக நம் கூடையைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்பதுதான் நிஜமான கலகம் என்று அன்று கண்டுகொண்டது, இன்றுவரை எனக்குத் தெம்பு கொடுக்கிறது.

அன்று எல்லோரும் ஒரே வட்டமாக உட்கார்ந்த பிறகு முதலாளியும் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "காத்து நின்னு, மலை மேல கோட்டைக் கொடியெல்லாம் துவண்டு தொங்கிப்போச்சி" என்று நான் ஆரம்பித்ததும், எல்லோரையும் முந்திக்கொண்டு, மண்டியே கேட்க, அவர்தான் முதல் உம் கொட்டினார்.