அணைக்குக் கீழே

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி அமாவாசை நாள். ஒஸ்லோவுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் மாரிடாலன் ஏரியில் கோடைகாலங்களில் எனக்குக் காவல் வேலை. அந்தக் காலத்தில் கல் அணை கட்டித் தேக்கிய ஏரி. அதில் குளிப்பதென்ன, கால் நனைக்கவும் கூடாது. மஞ்சள் சட்டையைப் போட்டால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும். அதைச் சொல்வதில் என்ன வெட்கம்!

காலை பத்து மணியிருக்கும். முழங்கால் தண்ணீரில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நோர்வேஜிய மொழியில் கத்தினேன். பொலிசைக் கூப்பிடுவேன் என்றும் வெருட்டினேன். அவர் பதறியடித்துக் கரையேறியதில் கைக்கிண்ணம் தவறி, எள்ளெல்லாம் கற்களுக்கிடையில் சிந்தியது. பார்த்தால் நம்மவர்!

"இது குடிக்கிற தண்ணி எண்டு சத்தியமாத் தெரியாது தம்பி."

திருகோணமலைக்காரர். விசா விசாரணை முடியாததால் அப்பாவின் செத்தவீட்டுக்கே போக முடியவில்லையாம். ஆண்டுத் திவசம் கழிந்து வரும் முதல் ஆடி அமாவாசை என்று, நகரின் கிழக்கே புருசெத்திலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்திருக்கிறார். "இதையாவது செய்யவேணும்" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் அப்பா போய் ஆறு வருடம். ஒரு தடவையாவது நான் எள்ளுத்தண்ணீர் இறைத்ததில்லை. கேட்டால் லீவு இல்லை என்பேன்.

இருவருமாகக் குந்தியிருந்து எள்ளைப் பொறுக்கினோம். பிறகு அணைக்குக் கீழே, ஆறு தொடங்கும் இடத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். அங்கே சனம் குளிக்கும், தடையில்லை.

"ஏரியிலயிருந்து வாற அதே தண்ணிதான் அண்ணை. நேரா கடலுக்குத்தான் போகுது."

அவர் நிதானமாக இறைத்து முடித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்கட அப்பா இருக்கிறாரோ?" என்றார். இல்லையென்று தலையாட்டினேன். மிச்ச எள்ளை என் உள்ளங்கையில் கொட்டினார்.

"நான் கோப்பியும் பாணும் விழுங்கிப்போட்டெல்லோ நிக்கிறன்" என்றேன்.

"அப்பா கோவிக்கமாட்டார் தம்பி."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தண்ணீர் பட்டதும் அழுகை வந்துவிட்டது.

இப்போதும் ஏரியில் யாரும் இறங்கினால் தடுக்கத்தான் செய்கிறேன். ஆனால் கத்துவதில்லை, கிட்டப் போய் என்ன விஷயம் என்று கேட்கிறேன். ஆடி அமாவாசைக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு அந்த அண்ணையோடு அணைக்குக் கீழே நிற்பேன். அன்று அவரை விரட்டியதோடு விட்டிருந்தால், இரண்டு அப்பாமாருக்கும் தண்ணீர் கிடைத்திருக்காது.