அமாவாசையன்று மயிலாப்பூர் வரை

காலை 5.15. அசோக் நகர் அறையிலிருந்து மயிலாப்பூர் ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் கேட்டார்கள். இரண்டு ரூபாய் பஸ்ஸே போதும் என்று ஏறினேன். தேனியிலிருந்து சினிமா புரொடக்‌ஷன் வேலை பழக வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மேனேஜர் அண்ணன் முதல்முறையாக ஒரு நாள் படப்பிடிப்பை என்னிடம் விட்டிருந்தார். கதாநாயகி பகல் ஒரு மணி வரைதான் இருப்பார். அதற்குள் முடியாவிட்டால் நான் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

6.30. கோயில் குளத்துக்குப் பின்தெருவில், படப்பிடிப்புக்குப் பேசியிருந்த பழைய வீடு. வாசலில் கோலம் இல்லை. கேமரா டிராலி ஓட்டினால் அழியுமே என்ற கவலை விட்டது என்று சந்தோஷப்பட்டேன், என் புத்தியை என்ன சொல்ல. வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு வந்து வழிமறித்தார்.

"இன்னிக்கு அமாவாசைன்னு தெரியாதா? தர்ப்பணம் ஆகாம வாசல்ல கோலம்கூடப் போடமாட்டோம், ஆத்துக்குள்ள யாரும் வரப்படாது."

சினிமாக்காரர்களுக்கு அமாவாசை நிறைந்த நாள். அதற்காகவே இந்த நாளைத் தேடிப் பிடித்து, அவர் மகனிடம் போனில் சம்மதம் வாங்கியிருந்தேன். மகன் காலண்டரைப் பார்க்கவில்லை. எப்போது முடியும் என்றேன். பத்தரை என்றார்.

ஜெனரேட்டர் வண்டி டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா, பெரியவர் கையில ஒரு வார்த்தை கேட்டுக்கினு வர்றதில்லையா?"

எல்லோரும் இட்லி சாப்பிட்டார்கள். அத்தனை பேருக்கு நடுவே யோசனை கேட்க ஒருவரும் இல்லாதது பயமாக இருந்தது. காட்சித் தாளைப் புரட்டினேன். கதாநாயகி பெட்டியோடு வருவதும் போவதும் வாசலில்தான், கடைசிக்கு வைத்திருந்தோம். அவற்றை முதலில் எடுக்கலாமா என்று டைரக்டரிடம் கேட்டேன். முறைத்தார், பிறகு கேமராவைத் திருப்பச் சொன்னார்.

10.40. வீட்டுக்காரர் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு மாடியிலிருந்து இறங்கினார். அவர் மனைவி கோலம் போட்டு முடித்ததும் உள்ளே விட்டார்கள். கதாநாயகியின் கடைசி ஷாட் 12.50க்கு முடிந்தது.

மாலை 5.30. மேனேஜர் அண்ணன் வந்து விசாரித்தார். "நாளையிலேருந்து நீயே பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். தி.நகருக்கு ஒரு வேன், சைதாப்பேட்டைக்கு ஒன்று, அடையாறுக்கு ஒன்று என்று பட்டியல் பார்த்து எல்லோரையும் ஏற்றி அனுப்பினேன்.

கடைசி வேனும் தெருமுனையில் திரும்பியபிறகுதான் தெருவில் தனியாக நிற்கிறேன் என்று உறைத்தது. எங்கள் ஊரில் வழக்கமாக வருகிற ஆள் வரவில்லையென்றால் கண்டக்டர் விசில் கொடுக்காமல் காத்திருப்பார். இங்கே யாரையும் குறை சொல்ல முடியாது. பட்டியல் எழுதியது நான். முப்பத்தெட்டுப் பேருக்கும் இடம் போட்டிருந்தேன். முப்பத்தொன்பதாவதாக ஒருவன் இருக்கிறான் என்பது எனக்கே தோன்றவில்லை.