மடக்குக் கத்தியும் ஐந்து மாங்காய்களும்

இன்று ஓமலூர்ச் சந்தையில் மடக்குக் கத்தி வாங்கினேன்.

"மேட்டூர்ல அணை கட்டற தொரைங்க வெச்சிருக்கறது இதேதானுங்க" என்றார் கத்திக்காரர்.

நான் லேசில் ஏமாறுகிற ஆளா? விரித்து அலகை ஆட்டிப் பார்த்தேன். ஆணியில் ஆட்டம் இருக்கக் கூடாது. மடக்கினேன், வில் 'டக்'கென்று இழுக்க வேண்டும், அலகு பிடிக்குள் உரசாமல் உட்கார வேண்டும். ஐந்து கத்திகள் தேறின.

"கூர் பார்க்கோணுமே?" என்றேன்.

பக்கத்தில் மாங்காய் விற்ற அம்மாள் சிரித்தபடி ஒரு காயை நீட்டினார். "இதுல பாருங்க சாமி."

என்ன தாராள மனசு! கத்திக்கு ஒன்றாக ஐந்து காய்களை அறுத்தேன். ஐந்தாவது கத்தியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

"ஏனுங்க, அறுத்த காயை இனி ஆருங்க வாங்குவாங்க?" என்றார் அம்மாள், அதே சிரிப்போடு.

ஐந்தும் என் பைக்கு வந்தன. காசு அவர் மடிக்குப் போனது.

நாலடி நடந்திருப்பேன். பின்னால் அதே குரல் கத்திக்காரரைக் கூப்பிட்டது: "வாங்க மாமா, சோறு திங்கலாம்."

ஆகவே நண்பர்களே, ஆணி, வில், அலகு எல்லாம் பிறகு பாருங்கள். பக்கத்துக் கடைக்காரி யார் சம்சாரம் என்று முதலில் விசாரியுங்கள்.

ஊறுகாய் வேண்டுவோர் ஜாடியோடு வரலாம்.